கல்வியும் தேசியப் பூங்காவும்: அவையில் அரசிடம் கேள்வி கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடத்துக்கும் புலிகள் காப்பகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அரசமைப்புச் சட்டத்தில் ஒரு விடை இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் ஐந்து பொருள்களை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அவற்றில் கல்வி ஒன்று, காடுகள் ஒன்று, காட்டு விலங்குகள் மற்றும் பறவைகளின் பாதுகாப்பு மற்றொன்று. அன்று முதல் இந்த மூன்றிலும் சட்டம் இயற்றும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் பொதுவானது. அதிகாரம் இருவருக்கும் பொதுவாக இருக்கும்போது பொறுப்பை ஒருவர் மற்றவர் மீது தள்ளுவதும் எளிதாகிறது. டெல்லியில் கேட்டால் "பள்ளிகள் பெரும்பாலும் மாநில அரசுகளின் கட்டுப்பாட்டில் உள்ளன" என்று பதில் வரும். சென்னையில் கேட்டால் "ஒன்றிய அரசின் நிதி வரவில்லை" என்று பதில் வரும். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்டவருக்குத் தேவையான விவரம் இரண்டுக்கும் நடுவே நழுவிப் போய்விடும்.

ஆகவே இந்த இரு துறைகளிலும் கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினரும், அவருக்காக வரைவு எழுதும் உதவியாளரும், தம் தொகுதி உறுப்பினரிடம் ஒரு கேள்வியைக் கொண்டுசேர்க்க விரும்பும் பெற்றோர் அமைப்போ வனவாழ் மக்கள் அமைப்போ முதலில் பழக வேண்டியது, அந்த இடைவெளியை அடைக்கும்படி கேள்வியைக் கட்டுவதற்குத்தான். இந்த வழிகாட்டி நாடாளுமன்றத்தின் நடைமுறையையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. சட்டமன்றம் வேறுபடும் சில இடங்கள் தனியே சொல்லப்பட்டுள்ளன.

முதல் படி: எந்த அமைச்சர்?

வரைவின் முதல் வரியிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். பள்ளி என்றாலே கல்வி அமைச்சகம், காடு என்றாலே சுற்றுச்சூழல் அமைச்சகம் என்று எழுதிவிட்டால், கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டு, குறித்த நாளைத் தவறவிட்டு, சில நேரம் அந்தக் கூட்டத்தொடரையே தவறவிட்டுவிடும்.

கேந்திரிய வித்யாலயாவும் நவோதயா வித்யாலயாவும் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ளன. ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகளோ பழங்குடியினர் நல அமைச்சகத்தின் கீழ் உள்ளன. அங்கன்வாடி பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு உரியது. மருத்துவக் கல்லூரி என்றால் சுகாதார அமைச்சகம். தமிழ்நாட்டிலும் இதே சிக்கல் உண்டு: மலைக் கிராமங்களில் இயங்கும் அரசு பழங்குடியினர் உறைவிடப் பள்ளிகளை நடத்துவது ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையே அன்றிப் பள்ளிக் கல்வித் துறை அன்று.

காட்டிலும் நிலைமை இதுதான். தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம், தேசிய வனவிலங்கு வாரியம் ஆகியவை சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்தின் பொறுப்பு. ஆனால் பூங்காவுக்குள் வாழும் மக்களின் உரிமையைப் பற்றிய 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்துக்கு மைய அமைச்சகம் பழங்குடியினர் நல அமைச்சகம். பூங்காவின் ஊடாகச் செல்லும் சாலையைப் பற்றிக் கேட்டால் சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் உள்ளே வரும். ஆகவே ஒரு பூங்காவிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்களா என்று அறிய விரும்பும் உறுப்பினர், அதை ஒரே கேள்வியாக எழுதக் கூடாது. மூன்று அமைச்சகங்களுக்கு மூன்று நாள்களில் மூன்று தனிக் கேள்விகளாகப் பிரித்து, ஒரு பதிலை அடுத்த கேள்விக்கு அடிப்படையாக்க வேண்டும்.

சட்டத்தில் எந்த அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி ஒரு பரப்பைத் தேசியப் பூங்காவாக அறிவிப்பது மாநில அரசு. அந்த எல்லையை மாற்ற வேண்டுமென்றால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். பூங்காவைச் சுற்றிச் சில செயல்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சூழல் உணர்திறன் மண்டலத்தை அறிவிப்பதோ 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு. கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையின் இந்திரா காந்தி தேசியப் பூங்கா, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்னும் தமிழ்நாட்டின் ஐந்து பூங்காக்களில் எதைப் பற்றிக் கேட்டாலும், "எந்தச் செயலுக்கு யார் கையெழுத்து" என்ற ஒரு வரியைத் தாளின் மேலே எழுதிவைத்துக்கொண்டு வரைவைத் தொடங்குவது நல்லது.

இரண்டாம் படி: ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்காதிருத்தல்

மக்களவை விதி 41 ஒரு கேள்வி எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்று நீண்ட பட்டியலே தருகிறது. முன்பு பதிலளிக்கப்பட்டதை மீண்டும் கேட்கக் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் உள்ள தகவலைக் கேட்கக் கூடாது. கேள்விகள் தள்ளுபடி ஆவதற்கு இவை இரண்டும் போதும். எனினும் இவ்விதிகளைத் தடையாக மட்டும் பார்ப்பது தவறு என்பது என் கருத்து. தேடிப் படித்த பிறகு எழுதப்படும் கேள்வியே அமைச்சகத்தைத் திணறவைக்கும்.

இரு அவைகளின் பழைய கேள்விகளும் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. பள்ளிகளுக்கு யுடைஸ் பிளஸ் என்னும் கல்வி அமைச்சகத் தரவுத் தொகுப்பும், உயர்கல்விக்கு அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பும், நிதிக்கு, ஒன்றிய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிரும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் திட்ட ஒப்புதல் வாரியக் கூட்டக் குறிப்புகளும் உள்ளன. புலிகள் காப்பகங்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் புலிகள் மதிப்பீடும் மேலாண்மைத் திறன் மதிப்பீடும் வெளிவருகின்றன. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டின் புலிகள் சராசரியாக 3,682. இந்த எண்ணைக் கேள்வியாகக் கேட்பதில் பயனில்லை. மேலாண்மைத் திறன் மதிப்பீட்டில் ஒரு காப்பகத்தின் குறையாகச் சுட்டப்பட்டது என்ன, அதைத் தீர்க்க எந்த ஆண்டில் எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது என்பதைக் கேட்டால் பயன் உண்டு.

தணிக்கை அறிக்கைகளை மறந்துவிடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் செயலாக்கம் பற்றி இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2017ஆம் ஆண்டு தனி அறிக்கையே அளித்திருக்கிறார். தணிக்கையாளர் ஒரு குறையை எழுதி, அமைச்சகம் அதை ஏற்றுக்கொண்ட இடம் எங்கே உள்ளதோ, அங்கிருந்து கேள்வியைத் தொடங்கினால் "அப்படி ஏதும் இல்லை" என்று மறுப்பது கடினம்.

மூன்றாம் படி: எழுத்தில் பதிலா, வாய்மொழியில் பதிலா?

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதிலளிப்பார். துணைக் கேள்விகள் கேட்கலாம். நட்சத்திரக் குறியற்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வைக்கப்படும். துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியற்ற கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். மாநிலங்களவையில் அவை முறையே 15, 160. ஓர் உறுப்பினர் பெயரில் மக்களவையில் ஒரு நாளுக்கு ஐந்துக்கு மேல் இடம்பெறாது. அவற்றில் வாய்மொழிக்கு உரியது ஒன்றே.

புதிய உறுப்பினர்கள் பெரும்பாலும் நட்சத்திரத்தையே விரும்புகிறார்கள். அது தொலைக்காட்சியில் தெரியும். ஆனால் 20 கேள்விகளில் ஒரு மணி நேரத்துக்குள் உண்மையில் எடுத்துக்கொள்ளப்படுபவை ஒரு சிலவே; மற்றவற்றுக்கு எழுத்துப் பதில் மட்டும் அவையில் வைக்கப்படும். மாநில வாரியாக, காப்பக வாரியாக அட்டவணை வேண்டுமென்றால் குறியற்ற கேள்வியே சிறந்த கருவி. ஒரு கொள்கையின் காரணத்தை அமைச்சர் தம் வாயால் சொல்ல வேண்டும் என்றால்தான் நட்சத்திரம் தேவை. எண்களைக் குறியற்ற கேள்வியில் வாங்கி, அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு நட்சத்திரக் கேள்வியை எழுப்புவது நல்ல வரிசை.

2020ஆம் ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் நிறுத்தப்பட்டபோதும் எழுத்துப் பதில்கள் தொடர்ந்தன. அன்று இழந்தது துணைக் கேள்வியை. அது சிறிய இழப்பு அன்று.

நான்காம் படி: வரைவு

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். விதி 41 கேட்பது இவை: கேள்வி ஒரே பொருளைப் பற்றியதாக, தெளிவாக, வழக்கமாக 150 சொற்களுக்கு மிகாமல் இருக்க வேண்டும், வாதம், ஊகம், எள்ளல், குற்றச்சாட்டு, அடைமொழி ஆகியவை கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது, ஒரு பதிலின் எல்லைக்குள் அடங்காத அளவுக்குப் பெரிய கொள்கைப் பொருளை எழுப்பக் கூடாது, ஒன்றிய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாததைக் கேட்கக் கூடாது. இறுதியாகச் சொன்ன விதியே பொதுப் பட்டியலில் உள்ள துறைகளுக்குப் பெரிய கண்ணி.

தவறான ஒரு வரைவைப் பார்ப்போம்:

"நாட்டில் பள்ளிக் கல்வி சீரழிந்து வருவதை அரசு அறியுமா? ஏழை மாணவர்களுக்கு இழைக்கப்படும் இந்த அநீதிக்கு யார் பொறுப்பு? நிலைமையைச் சீர்செய்ய அரசு முன்வருமா?"

மேடையில் இது கைதட்டல் வாங்கும். அவைச் செயலகத்தில் நிற்காது. "சீரழிந்து" என்பது முடிவு, "அநீதி" என்பது குற்றச்சாட்டு, "யார் பொறுப்பு" என்பது கருத்துக் கேட்பது. தப்பித்தவறி அனுமதிக்கப்பட்டாலும், அமைச்சகம் தன் திட்டங்களின் பெயர்களை எல்லாம் வரிசையாக அடுக்கி இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் போகும்.

அதே கவலையை இப்படிக் கேட்கலாம்:

"கல்வி அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) சமக்ர சிக்ஷா திட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளிலும் நடப்பாண்டிலும் திட்ட ஒப்புதல் வாரியம் ஒப்புதல் அளித்த ஒன்றியப் பங்கும் உண்மையில் விடுவிக்கப்பட்ட தொகையும், மாநில வாரியாக, தவணை வாரியாக, (ஆ) விடுவிக்கப்படாத தவணைகளுக்கு எந்த வழிகாட்டு நெறியின் எந்தப் பத்தியில் உள்ள நிபந்தனை காரணம், (இ) அந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று சம்பந்தப்பட்ட மாநிலங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்ட நாள், (ஈ) மாநிலங்கள் அளித்த பதிலின் மீது எடுக்கப்பட்ட முடிவு?"

இதில் ஓர் அடைமொழிகூட இல்லை. ஒப்புதல் அளித்ததும் தொகையை விடுவிப்பதும் ஒன்றிய அரசின் செயல்கள். ஆகவே "இது மாநிலப் பொருள்" என்று ஒதுங்க வழியில்லை. 60:40 என்ற பங்கீட்டில் நடக்கும் திட்டத்தில் 60 வந்ததா என்பதை டெல்லியிலும், 40 வந்ததா என்பதையும் இரண்டும் சேர்ந்து பள்ளிக்குப் போனதா என்பதையும் சட்டமன்றத்திலும் கேட்க வேண்டும். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஒரே காலத்தில் எழுப்பப்படும் இணைக் கேள்விகள் இருந்தால் மட்டுமே முழுக் கணக்கு ஒரே தாளில் வரும். ஒரே கட்சிக்கு இரண்டு இடங்களிலும் உறுப்பினர்கள் இருந்தும் இந்த ஒருங்கிணைப்பு அரிதாகவே நடப்பது வியப்புக்குரியது.

பூங்காவுக்கு ஒரு வரைவு. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தின்படி, புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் இன்னும் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் வாழ்கின்றன. தன்விருப்பத்துடன் வெளியேறும் குடும்பத்துக்கான தொகை 10 லட்சம் ரூபாயாக இருந்து 2021இல் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. வனவிலங்குச் சட்டத்தின் 38வி பிரிவு, உரிமைகளை அங்கீகரிக்கும் பணி முடிந்த பின்னரே, கிராம சபையின் ஒப்புதலுடனேயே இடம்பெயர்வு நடக்க வேண்டும் என்கிறது. இந்த மூன்று உண்மைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கேள்வி தானாகவே உருவாகும்:

"சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா: (அ) 2021 முதல் மையப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் எண்ணிக்கை, காப்பக வாரியாக, ஆண்டு வாரியாக, (ஆ) அவற்றில் 15 லட்சம் ரூபாயை முழுமையாகப் பெற்றவை, பகுதியாகப் பெற்றவை, (இ) வன உரிமை அங்கீகாரம் முடிந்ததற்கும் கிராம சபை ஒப்புதலுக்கும் சான்றாக ஆணையம் மாநிலங்களிடமிருந்து பெறும் ஆவணங்கள் எவை, (ஈ) அவ்வாவணங்கள் கிடைக்காமலேயே தொகை விடுவிக்கப்பட்ட நேர்வுகள் எத்தனை?"

(இ), (ஈ) ஆகியவற்றைக் கவனியுங்கள். "சட்டம் பின்பற்றப்படுகிறதா?" என்று கேட்டால் "ஆம்" என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். எந்தத் தாளைப் பார்த்து ஆம் என்கிறீர்கள் என்று கேட்டால் பதில் நீளும்.

தமிழ்நாடு சட்டமன்றத்தின் வினாக்களில் "அரசு முன்வருமா?", "அரசு ஆவன செய்யுமா?" என்ற முடிவு ஒரு மரபாகவே ஆகிவிட்டது. தொகுதிக்கு மேல்நிலைப் பள்ளி கேட்கும்போது அது பொருந்தும்; உறுப்பினரின் கோரிக்கை பதிவாகிறது. கொள்கையைக் கேட்கும்போது அது பலவீனமான வடிவம். "கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்ற பதிலும், அடுத்த பிரிவுக்கு "இவ்வினா எழவில்லை" என்ற பதிலும் ஆயத்தமாகக் காத்திருக்கும். முதல் பிரிவுக்கு "இல்லை" என்ற பதில் வந்தாலும் அடுத்த பிரிவுகள் விழாதபடி, ஒவ்வொரு பிரிவையும் தன் காலில் நிற்குமாறு எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: அறிவிப்பும் குலுக்கலும்

கூட்டத்தொடருக்கான அழைப்பாணை வெளியானவுடன் கேள்வி அறிவிப்புகளைக் கொடுக்கத் தொடங்கலாம். குறைந்தது 15 முழு நாள்கள் இடைவெளி வேண்டும். அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. ஆகவே கல்விக்கு உரிய நாளும் வனத்துக்கு உரிய நாளும் வெவ்வேறாக அமையலாம். எந்தக் கேள்வி முன்னால் வரும் என்பதைக் கணினிக் குலுக்கல் முடிவு செய்கிறது. ஒரே பொருளில் பலர் அறிவிப்புக் கொடுத்திருந்தால் அவர்களின் பெயர்கள் ஒன்றாகச் சேர்க்கப்படும். அவசரமான பொருளுக்குக் குறுகிய கால அறிவிப்புக் கேள்வி என்ற வழியும் உண்டு. அதற்கு அமைச்சர் இசைய வேண்டும் என்பதால் அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

ஆறாம் படி: துணைக் கேள்வி

கேள்வி கேட்கும் உரிமை இந்தியச் சட்டமன்றங்களுக்கு 1892இல் கிடைத்தது. துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909இல்தான் வந்தது. ஆட்சியாளர்கள் எதைக் கொடுக்கத் தயங்கினார்கள் என்பது அந்த 17 ஆண்டு இடைவெளியில் தெரிகிறது. முதல் பதிலை அதிகாரிகள் எழுதுகிறார்கள். துணைக் கேள்விக்கும் அமைச்சர் கையில் குறிப்புகள் இருக்கும். ஆனால் அவற்றில் இல்லாததைக் கேட்கும்போது, அமைச்சருக்குத் துறை எவ்வளவு தெரியும் என்பது வெளிப்படும்.

மக்களவையில் கேள்விக்கு உரியவர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். பிறகு அவைத்தலைவர் அழைக்கும் மற்ற உறுப்பினர்கள் ஒவ்வொன்று கேட்கலாம். காலையில் கிடைக்கும் எழுத்துப் பதிலைப் படித்து, அதில் எந்தப் பிரிவுக்கு நேரான பதில் இல்லையோ அதையே முதல் துணைக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும். "தங்கள் பதிலின் (ஆ) பிரிவில் நிபந்தனை எது என்று கேட்டிருந்தேன், அது குறிப்பிடப்படவில்லை. எந்த நிபந்தனை?" என்று இரண்டு வாக்கியங்களில் முடிந்தால் போதும். முன்னுரையாக மூன்று நிமிடம் பேசுகிறவர், தம் கேள்விக்கு உரிய நேரத்தை அமைச்சருக்கே பரிசாகக் கொடுத்துவிடுகிறார்.

2025 மார்ச் 10 அன்று மக்களவையில் நடந்தது இதற்கு நல்ல பாடம். தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்தைப் பற்றிய துணைக் கேள்விக்குக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் அளித்த பதிலில் தமிழ்நாடு பற்றி வந்த ஒரு சொல்லால் அவையில் அமளி எழுந்தது, அவை ஒத்திவைக்கப்பட்டது, அந்தச் சொல்லை அமைச்சர் திரும்பப் பெற்றார். எதிர்த்தது நியாயமா என்பது வேறு விவாதம். கேள்வியின் கண்ணோட்டத்தில் பார்த்தால், பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததற்கும் சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்துவதற்கும் விதியில் எங்கே தொடர்பு என்ற கேள்வி அந்தச் சொல்லின் பின்னால் மறைந்துபோனது. அந்த வேலையை அதே மாதம் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அமைதியாகச் செய்தது: தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் உள்ளிட்ட நிலுவைகளைக் குறிப்பிட்டு, நிறுத்திவைத்தது நியாயமாகாது என்று அறிக்கையில் எழுதியது.

ஏழாம் படி: நழுவும் பதில்களை அடையாளம் காணுதல்

"இத்தகவல் ஒன்றிய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்பது இவ்விரு துறைகளிலும் மிகுதியாக வரும் பதில். அதற்கு எதிராகப் பேசுவதைவிட, அந்தத் தகவலைத் தொகுக்கும்படி அமைச்சகத்தின் சொந்த வழிகாட்டு நெறியோ படிவமோ கட்டளையிடுகிறதா என்று பார்த்து, "இன்ன படிவத்தின் இன்ன கட்டத்தில் மாநிலங்கள் அனுப்பிய விவரம்" என்று அடுத்த முறை கேட்க வேண்டும். ஆசிரியர் காலியிடம் மாநிலத்தின் பொறுப்பு என்றால், திட்ட ஒப்புதல் வாரியம் அதைப் பற்றிக் கூட்டக் குறிப்பில் எழுதியதைக் கேட்கலாம். வனக் காவலர் காலியிடம் மாநிலத்தின் பொறுப்பு என்றால், புலிகள் ஆணையத்துக்குக் காப்பகம் சமர்ப்பித்த திட்டத்தில் அந்த எண் இருக்கும்.

"வழக்கு நீதிமன்றத்தில் உள்ளது" என்பது மற்றொன்று. நீதிமன்றத்தில் தீர்ப்புக்காக நிலுவையில் உள்ள பொருளைக் கேட்கக் கூடாது என்பது விதியே. பள்ளி நிதி குறித்துத் தமிழ்நாடு அரசு 2025இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்ததால் இந்தத் தடை உண்மையானதுதான். ஆனால் யார் சரி என்று கேட்பது வேறு. விடுவிக்கப்பட்ட தொகை என்ன என்று கேட்பது வேறு. பூங்காக்களைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்று 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2023 ஏப்ரல் 26 அன்று அதைத் திருத்தியது. அந்த இடைக்காலத்திலும் இறுதி அறிவிக்கை எத்தனை பூங்காக்களுக்கு வெளியானது, எத்தனைக்கு நிலுவையில் உள்ளது என்று கேட்பதற்குத் தடை இருக்கவில்லை.

பதிலே தவறாக இருந்தால்? மக்களவைத் தலைவரின் வழிகாட்டுதல் 115இன் கீழ், அமைச்சரின் கூற்றில் உள்ள பிழையைச் சான்றுகளுடன் சுட்டிக்காட்டி எழுதலாம். வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தியதாக நிறுவ முடிந்தால்தான் அது அவையின் உரிமை மீறல் ஆகும். அதை நிறுவுவது மிகக் கடினம்.

எட்டாம் படி: கேள்வி நேரத்துக்கு வெளியே

பதில் போதவில்லை என்றால் விதி 55இன்படி அரைமணி நேர விவாதம் கேட்கலாம். மூன்று நாள் முன்னறிவிப்பும், விளக்கக் குறிப்பும், வேறு இரு உறுப்பினர்களின் கையெழுத்தும் தேவை, வாக்கெடுப்பு கிடையாது. கவன ஈர்ப்பு, மக்களவை விதி 377இன் கீழான குறிப்பு, நேரமில்லா நேரம், மாநிலங்களவையின் சிறப்புக் குறிப்பு ஆகியவை பொருளை அவையின் காதில் போடுவதற்கு உதவும்.

என் கணிப்பில், இவற்றைவிட ஆற்றல் மிக்கவை இரண்டு. ஒன்று, மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைகள் தம் செலவுக்கு அவையின் ஒப்புதலைக் கேட்கும்போது, கொண்டுவரும் வெட்டுத் தீர்மானம். தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கக் கோருவது கொள்கையையே மறுப்பது; நூறு ரூபாய் குறைக்கக் கோருவது குறிப்பிட்ட ஒரு குறையை எழுப்புவது. நாடாளுமன்றத்தில் பல அமைச்சகங்களின் கோரிக்கைகள் விவாதமின்றிக் கில்லட்டின் முறையில் நிறைவேறிவிடுவதால் இந்த வாய்ப்பு அங்கே குறைவு; தமிழ்நாடு சட்டமன்றத்தில் துறை வாரியாக விவாதமும், அமைச்சர் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பும் உண்டு. சென்ற ஆண்டின் கொள்கை விளக்கக் குறிப்பையும் இவ்வாண்டின் குறிப்பையும் அருகருகே வைத்து, எந்தப் பத்தி மாறாமல் அப்படியே அச்சாகியிருக்கிறது, எந்த எண் காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பதைவிடச் சிறந்த தயாரிப்பு இல்லை.

மற்றொன்று நிலைக்குழு. 1993இல் தொடங்கிய துறைசார் நிலைக்குழுக்கள் இன்று 24. ஒவ்வொன்றிலும் மக்களவையின் 21 பேரும் மாநிலங்களவையின் 10 பேரும் இருக்கலாம். கல்விக்கான குழுவும் சுற்றுச்சூழல், வனத்துக்கான குழுவும் மாநிலங்களவையின் நிர்வாகத்தில் இயங்குபவை. அங்கே அமைச்சகச் செயலாளர்கள் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும், கேமரா இல்லை, ஆகவே இரு தரப்பிலும் நடிப்பும் குறைவு. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்திலேயே மக்களவையிலிருந்து இருவரும் மாநிலங்களவையிலிருந்து ஒருவரும் உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர்கள் யார் என்று அறிந்து அணுகுவது பூங்கா பற்றிக் கவலைப்படும் எந்த அமைப்புக்கும் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: உறுதிமொழியைத் துரத்துதல்

"விவரங்கள் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்", "இதை ஆராய்வேன்", "பரிசீலனையில் உள்ளது" என்ற சொற்களைக் கேட்டு உறுப்பினர்கள் சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் இவை அமைச்சகத்துக்குத்தான் சுமை. இத்தகைய தொடர்கள் உறுதிமொழிகளாகக் கருதப்பட்டு, அரசு உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் ஏறுகின்றன. வழக்கமாக மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். மக்களவையில் இக்குழு 1953 முதல் இயங்குகிறது. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இதே பெயரில் குழு உண்டு.

ஆகவே உறுப்பினரின் அலுவலகத்தில் ஒரு பதிவேடு வேண்டும்: கேள்வி எண், நாள், பதிலில் உள்ள உறுதிமொழித் தொடர், மூன்று மாதம் முடியும் நாள், நிறைவேற்ற அறிக்கை வந்ததா என்ற குறிப்பு. காலம் நீட்டிக்கக் கோரும் உரிமை அமைச்சகத்துக்கு உண்டு. உறுதிமொழியையே கைவிட அனுமதி கோரவும் அது குழுவுக்கு எழுதலாம். கைவிடும் கோரிக்கை வரும் நாள்களில் கேள்வி கேட்டவரின் கவனம் பெரும்பாலும் வேறு பொருளில் இருக்கும். மாநிலங்கள் விவரம் அனுப்பவில்லை என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டால், எந்த மாநிலம், எந்த நாளிட்ட நினைவூட்டலுக்குப் பதில் தரவில்லை என்ற பட்டியலைக் கோரும்படி குழுத் தலைவருக்கு உறுப்பினர் எழுதலாம். தன் மாநிலத்தின் பெயர் அப்பட்டியலில் இருந்தால், அந்தத் தாளே சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய அடுத்த கேள்விக்கு முதல் இணைப்பாகும்.